வென்டிலேட்டர் வேண்டாம் என்று அம்மா சொன்னால்

மாதுங்காவில் இருக்கும் உங்கள் அம்மா, மீளமுடியாத நிலை வந்தால் வென்டிலேட்டர் வைக்கக் கூடாது என்று எழுதித்தர விரும்புகிறார். அண்ணனோ அது கொலைக்குச் சமம் என்கிறார். சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் பல ஆண்டுகள் சுயநினைவின்றிக் கிடந்த செவிலியர் அருணா ஷான்பாக் வழக்கில், 2011இல் உச்ச நீதிமன்றம் உயிரைப் பறிப்பதையும் சிகிச்சையை நிறுத்துவதையும் பிரித்தது. 2018இல், இப்படி முன்கூட்டியே எழுதிவைக்கும் விருப்ப ஆவணத்தை ஏற்றது. 2023 முதல் அதற்கு இரண்டு சாட்சிகளும் நோட்டரி கையொப்பமும் போதும். ஆனால் இரண்டு மருத்துவக் குழுக்கள் ஒப்பினால்தான் அது நடைமுறைக்கு வரும்.

அண்ணனை மட்டம் தட்டாதீர்கள். ஜேம்ஸ் ரேச்சல்ஸ் என்ற மெய்யியலாளரும் 1975இல் அந்தப் பிரிவினையைக் கேள்விக்குள்ளாக்கினார் (போய்ச் சேர்ந்த முடிவு நேரெதிர்: சிகிச்சையை நிறுத்துவது சரியென்றால், சில வேளைகளில் உயிரைப் பறிப்பதும் சரியாகலாம் என்றார்!). எனக்கு உறுத்துவது, அண்ணனின் வாதத்தில் அம்மாவுக்கு இடமே இல்லை என்பதுதான். அண்ணனை உட்காரவைத்து, வலி மருந்து வேண்டும், தொண்டையில் குழாய் வேண்டாம் என்பதை அம்மாவே சொல்லட்டும். நோட்டரியிடம் பிறகு போகலாம்.