காது மெஷினைக் கணினியில் ஓட்டுவோருக்கு: கேள்வி – பதில்

கோத்தகிரி வாசகர்: தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்களுக்குத் தமிழ்ச் சொற்களைப் போட்டு, எந்த அமைப்பில் நன்றாகப் புரிகிறது என்று சோதிக்கிறோம். காது மெஷினுக்குப் பதில் லேப்டாப்பில் காது மெஷினின் வேலையைச் செய்யும் ஓப்பன்எம்ஹெச்ஏ மென்பொருள், ஹெட்போன். ‘எல்லாம் ஒரே இரைச்சல், முதல் சொல் மட்டும் காதில் பலமாக அடிக்கிறது’ என்கிறார்கள். தவறு எங்கே?

முதல் சந்தேகம் அளவீட்டின் மேல்தான். இந்த மென்பொருள் உள்ளே ஒலியைப் பாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) கணக்கில் பார்க்கும். கோப்பில் பதிவாகக்கூடிய உச்ச அளவு எத்தனை டெசிபலுக்குச் சமம் என்பதை ‘பீக்லெவல்’ என்ற இடத்தில் நீங்கள்தான் எழுத வேண்டும். உள்ளீட்டுப் பக்கம் அதை 20 குறைத்து எழுதினால், 65 டெசிபல் பேச்சை 45 என்று நம்பி, மெல்லிய ஒலிக்குரிய கூடுதல் பெருக்கத்தைக் கொடுத்துவிடும். பதிவில் கிடந்த இரைச்சலும் கூடவே எழும்.

வெளியீட்டை அளக்கும்போது மலைக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. ஒலி அளக்கும் மீட்டரைச் சரிபார்க்கத் தெரிந்த அளவு ஒலியைத் தரும் கருவி பிஸ்டன்ஃபோன்; அது தரும் ஒலி அளவு காற்றழுத்தத்தோடு சேர்ந்து இறங்கும். கோத்தகிரி உயரத்தில் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 2 டெசிபல் குறைவு. பாரோமீட்டர் திருத்தம் போடாமல் மீட்டரைச் சரிசெய்தால், அது எல்லாவற்றையும் அந்த அளவு கூட்டியே காட்டும்.

அளவு சரியானதும் கம்ப்ரஷனை (மெல்லிய ஒலியை அதிகமாகவும் பலத்த ஒலியைக் குறைவாகவும் பெருக்கும் முறை) அணைத்துவிட்டு, கேட்புக் குறைவுக்கேற்ற பெருக்கத்தைக் கணக்கிடும் என்ஏஎல்-ஆர் சூத்திரத்தின்படி (1986) நேரியல் பெருக்கத்தில், அதாவது மெல்லிய ஒலிக்கும் பலத்த ஒலிக்கும் ஒரே பெருக்கத்தில், ஓட்டிப் பாருங்கள். ஒருவருக்கு 500, 1000, 2000 ஹெர்ட்ஸில் கேட்பு எல்லை (காதில் விழும் மிக மெல்லிய ஒலியின் அளவு) 40, 50, 60 டெசிபல் என்றால் கூட்டுத்தொகை 150, அதன் 0.05 பங்கு 7.5. 2000 ஹெர்ட்ஸுக்கு 60-ஐ 0.31-ஆல் பெருக்கினால் 18.6. இரண்டையும் கூட்டி, அந்த அதிர்வெண்ணுக்குச் சூத்திரம் சொல்லும் 1-ஐக் கழித்தால் 25.1 டெசிபல் பெருக்கம். 500 ஹெர்ட்ஸில் கழிப்பது 8, அங்கே 11.9தான் வரும். கையால் போட்ட கணக்கும் வெளியீட்டில் அளந்ததும் ஒத்துப்போகாவிட்டால் கம்ப்ரஷனைத் தொடவே வேண்டாம்.

முதல் சொல் அடிப்பதற்குக் காரணம் கம்ப்ரஷன். அமைதியில் அது பெருக்கத்தை ஏற்றி வைத்திருக்கும். பேச்சு வந்த பிறகுதான் இறக்கும். ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் 2 விநாடி பின்னணி இரைச்சலை ஓடவிடுங்கள். இரைச்சலைப் பேச்சோடு கலந்த பிறகே மென்பொருளுக்குள் அனுப்ப வேண்டும். தனித்தனியாக ஓட்டிக் கடைசியில் கலப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் இரைச்சலுக்கேற்ப கம்ப்ரஷன் பெருக்கத்தைக் குறைப்பது சோதனையில் வராமலே போகும்.

லேப்டாப்பின் ‘ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்’டையும் அணையுங்கள். தகரக்கூரையில் மழை பெய்யும் நேரத்தில் சோதனை வேண்டாம்.

குன்னூர் வாசகர்: மைக்கில் நேரடியாக ஓட்டினால் பேசுகிறவருக்குத் தன் குரலே குழாய்க்குள் இருந்து வருவதுபோல் கேட்கிறது. ஏன்?

தாமதம். எலும்பு வழியாகக் குரல் உடனே உள்காதுக்குப் போய்விடுகிறது. ஹெட்போன் வழி வருவது பின்தங்கி அதோடு கலக்கிறது. மென்பொருள் ஒலியைத் தொகுப்பு தொகுப்பாகத்தான் எடுக்கும்; விநாடிக்கு 16,000 மாதிரிகள் என்றால் 64 மாதிரிகள் கொண்ட ஒரு தொகுப்பே 4 மில்லிவிநாடி. சவுண்ட் கார்டின் தாமதம் அதற்கு மேல். மொத்தம் 10-ஐத் தாண்டாமல் பாருங்கள். புளூடூத் ஹெட்போன் கூடவே கூடாது. பதிவுகளை மட்டும் கேட்க வைப்பதானால் கோப்பிலிருந்து கோப்புக்கு ஓட்டிவிடுங்கள், தாமதம் கணக்கிலேயே வராது.