அப்பாவின் மோட்டார் சைக்கிளை எப்படி ஏற்றுவது?

கேள்வி: அப்பா ஓடிய பழைய ஹொண்டா 750ஐ யாழ்ப்பாணத்தில் உள்ள வீட்டுக்குக் கொண்டுபோகப் போகிறேன். நண்பரிடம் டபுள் கெப் இருக்கிறது. சைட் ஸ்டாண்டில் நிறுத்தி, நைலோன் கயிற்றால் கட்டினால் போதுமா, அண்ணை?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: போதாது, தம்பி. கொட்டாஞ்சேனையில் கராஜ் தொடங்கிய புதிதில் நானும் அப்படித்தான் கட்டினேன். களனிப் பாலம் தாண்டியதும் ஒரு பள்ளம். வண்டியின் முன் ஷொக் அமுங்கிய அந்த நொடியில் கயிறு தளர்ந்துவிட்டது. ஸ்டாண்ட் சறுக்கி, டாங்கி லொறிப் பலகையில் மோதியது. நெளிந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே நின்ற சொந்தக்காரரின் முகம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

முதலில் வாகனத்தைப் பாருங்கள். டபுள் கெப்பின் தட்டு ஐந்தடிதான் வரும். உங்கள் ஹொண்டாவோ ஏழடி நீளம், 200 கிலோவுக்கு மேல் பாரம். பின் சில்லு தட்டின் திறந்த பின்கதவின் மேல்தான் நிற்கும். அந்தக் கதவைத் தாங்குவது இரண்டு மெல்லிய கம்பிகள். நீண்ட தட்டுள்ள சிங்கிள் கெப் அல்லது சிறிய லொறி பிடியுங்கள்.

வண்டி தன் இரண்டு சில்லிலும் நிமிர்ந்து நிற்க வேண்டும்; ஸ்டாண்டை மடித்துவிடுங்கள். முன் சில்லைத் தட்டின் முன்சுவரோடு முட்டவிடுங்கள். கயிறு வேண்டாம், பிடியை ஆட்டி ஆட்டி இறுக்கும் ரட்செட் பெல்ட் நான்கு வாங்குங்கள். முன் இரண்டையும் ஹான்டில் நுனியில் போடக்கூடாது, வளைந்துவிடும். ஷொக் குழாய்களைப் பிடித்திருக்கும் கீழ்க் கட்டையில் துணிப் பட்டி சுற்றி, அதில் கொளுக்கியை மாட்டி, முன்னும் கீழுமாக இருபுறமும் சமமாக இறுக்குங்கள். ஷொக் பாதி அமுங்கினால் போதும். முழுதாக அமுக்கினால் எண்ணெய் சீல் போய்விடும். பாதி அமுங்கிய ஸ்பிரிங் எப்போதும் மேலே தள்ளிக்கொண்டே இருப்பதால், பள்ளத்தில் விழுந்தாலும் பெல்ட் தளராது. நான் அன்று அறியாமல் போனது இதைத்தான். பின் இரண்டு பெல்ட்டும் பின்பக்கம் ஆடாமல் பிடிப்பதற்கு. வண்டியின் இரும்புச் சட்டத்தில் மாட்டுங்கள், சைலன்ஸரில் வேண்டாம். முதல் கியரில் விட்டு, பெற்றோல் குழாயைப் பூட்டிவிடுங்கள்.

ஏற்ற எட்டடிப் பலகை இரண்டு வேண்டும், ஒன்று வண்டிக்கு, ஒன்று உங்கள் காலுக்கு. வாகனத்தின் பின்பக்கத்தை ஒரு மேட்டோடு ஒட்டி நிறுத்தினால் சரிவு குறையும். மூன்று பேராவது நில்லுங்கள்.

வத்தளையில் ஒருமுறை நிறுத்தி பெல்ட்டைத் தொட்டுப் பாருங்கள், அப்புறம் சிலாபத்தில். புது பெல்ட் முதல் சில மைல்களில் கொஞ்சம் இழுபடும்.

இறக்கும்போதுதான் பலரும் கவனம் தப்புகிறார்கள். பின்னோக்கி இறங்கும்போது பாரம் பின் சில்லுக்குப் போவதால், முன் பிறேக்கைப் பிடித்தாலும் முன் சில்லு சறுக்கும். எஞ்சினை நிறுத்தி, முதல் கியரிலேயே வைத்து, கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு விட்டு இறக்குங்கள். கிளட்சை விட்டதும் பின் சில்லு அப்படியே நின்றுவிடும்.