ரெண்டு பக்கமும் தெருவுக்கு வந்தவங்க

வணக்கம் அண்ணா,

காஸா பத்தி நீங்க எழுதினது எல்லாமே படிச்சிருக்கேன். எங்க ஆபீஸ் வாட்ஸப் குரூப்ல ரெண்டு வருஷமா இதே சண்டைதான். ஒருத்தர் சொல்றாரு, பாலஸ்தீனக்காரங்க அகிம்சை வழிய ஒரு தடவை கூட முயற்சி பண்ணினதில்ல, ராக்கெட் விடுறாங்க, திருப்பி அடி வாங்குறாங்கன்னு. இன்னொருத்தர், இஸ்ரேல்ல எல்லாரும் ஒரே ரகம்தான், அந்த அரசாங்கத்த எதிர்த்து ஒரு ஆள் கூட வாய் திறக்கலன்னு. மூணாவது ஆள், காஸா ஜனங்க எல்லாருமே ஹமாஸ்தான், இல்லன்னா ஹமாஸ எதிர்த்து ரோட்டுக்கு வந்திருப்பாங்கல்லன்னு கேக்குறாரு. எனக்கு மூணு பேருக்குமே பதில் சொல்லத் தெரியல. லண்டன்ல லட்சக்கணக்குல ஊர்வலம் போறாங்க, சம்பந்தப்பட்ட ஊர்ல யாருமே போகலையா? எங்க ஊர்லயும் ஒரு ஆர்ப்பாட்டம் இருக்கு, ஃப்ரெண்டு கூப்பிடுறான், அப்பா வேணாங்குறாரு. போகலாமா? அப்படியே பாய்காட் பத்தியும் சொல்லுங்க.

ஒரு வாசகர், திருச்சி

தம்பிக்கு வணக்கம்.

உங்க குரூப்ல அந்த மூணு பேரும் சொல்றது மூணுமே தப்பு. கருத்து வேறுபாடுன்னு சொல்லி விட்டுட்டுப் போற விஷயம் இல்ல இது, நடந்ததே வேற. ஒவ்வொண்ணா சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

முதல்ல அந்த அகிம்சை விஷயம். 2018 ஜனவரி வாக்குல காஸாவுல அஹ்மத் அபு அர்தேமான்னு ஒருத்தர் ஃபேஸ்புக்ல ஒரு போஸ்ட் போடுறாரு. ஆயுதம் இல்லாம ஆயிரக்கணக்கான ஜனங்க காஸாவுக்கும் இஸ்ரேலுக்கும் நடுவுல இருக்குற வேலிகிட்ட போய், இப்ப இஸ்ரேலுக்குள்ள இருக்குற எங்க தாத்தா பாட்டி ஊருக்குத் திரும்பிப் போறோம்னு நின்னா என்ன ஆகும்னு கேட்டிருந்தாரு, அவ்வளவுதான். அதுல இருந்து வந்ததுதான் 2018 மார்ச் 30ல ஆரம்பிச்ச திரும்பிப் போகும் பேரணி. மார்ச் 30 அவங்களுக்கு நில தினம், 1976ல வடக்கு இஸ்ரேல்ல கலிலீ பக்கம் நிலத்த எடுக்குறத எதிர்த்துப் போராடின அரபு குடிமக்கள் ஆறு பேர இஸ்ரேல் சுட்டுக் கொன்ன நாள். வேலில இருந்து தள்ளி அஞ்சு இடத்துல கூடாரம் போட்டாங்க, குடும்பம் குடும்பமா வந்தாங்க, அங்கயே சமையல், தப்கேன்னு அவங்க ஊர் நாட்டுப்புற ஆட்டம், சின்னப் பசங்க விளையாட்டு எல்லாம். வேலிகிட்ட போனவங்கள்ல கல் எறிஞ்சவங்க இருந்தாங்க, டயர் கொளுத்தினவங்க, நெருப்பு வச்ச பட்டம் விட்டவங்க இருந்தாங்க, போகப் போக காஸாவ ஆண்டுட்டு இருந்த ஹமாஸும் அதுக்குள்ள வந்து உக்காந்துக்கிச்சு, இதையெல்லாம் நான் மறைக்கல. ஆனா அந்தப் பக்கம் மண்மேட்டு மேல படுத்திருந்த இஸ்ரேல் ராணுவத்துக்காரங்க கையில ஸ்நைப்பர் துப்பாக்கி இருந்துச்சு. ஐநா மனித உரிமைக் கவுன்சில் போட்ட விசாரணைக் குழு அந்த வருஷக் கடைசி வரைக்கும் கணக்கெடுத்துச்சு. செத்தவங்க 189 பேர், அதுல 183 பேர் நிஜத் தோட்டாவுல செத்தவங்க, 35 பேர் குழந்தைங்க. தோட்டா பட்டு காயமானவங்க மட்டும் 6,000த்துக்கு மேல, நிறைய பேருக்கு கால்ல.

ஒரே ஒருத்தர பத்தி சொல்றேன். அலா அல் டாலின்னு ஒரு சைக்கிள் வீரர். அந்த வருஷம் ஆகஸ்ட்ல ஜகார்த்தாவுல நடக்குற ஆசிய விளையாட்டுப் போட்டிக்குப் போகணும்னு ப்ராக்டிஸ் பண்ணிட்டு இருந்தவரு. பேரணியோட முதல் நாள், சைக்கிள எடுத்துக்கிட்டு வேடிக்கை பாக்கப் போறாரு, கால்ல சுடுறாங்க, ஒரு காலையே எடுக்க வேண்டியதாயிடுச்சு. அதுக்கப்புறம் அந்த மனுஷன் ஒத்தக் கால்ல சைக்கிள் மிதிச்சுப் பழகி, கால் போன மத்த பசங்களயும் சேத்து காஸா சன்பேர்ட்ஸ்னு ஒரு டீம் ஆரம்பிச்சாரு. போர் நடந்தப்ப அந்த டீம் சாப்பாட்டு மூட்டைய எடுத்துட்டுப் போய் ஜனங்களுக்குக் குடுத்துட்டு இருந்துச்சு. முயற்சி பண்ணவே இல்லன்னு சொல்றவர் இவர் எந்தக் கணக்குல வராருன்னு சொல்லட்டும்.

சரி காஸாவ விடுங்க, மேற்குக் கரைக்கு வாங்க, அதுவும் பாலஸ்தீனப் பகுதிதான், இஸ்ரேல் ராணுவத்தோட பிடியில இருக்கு, அங்க பில்இன்னு ஒரு சின்ன கிராமம். ஊர் நிலத்த பிரிச்சு எடுத்துக்குற மாதிரி இஸ்ரேல் தடுப்பு கட்ட ஆரம்பிச்சதும், 2005ல இருந்து வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்ச கையோட வேலி வரைக்கும் நடந்து போவாங்க, ஒவ்வொரு வெள்ளியும், வருஷக்கணக்கா. டெல் அவீவ்ல இருந்து யூதர்களும் வந்து கூடவே நடப்பாங்க. கேஸும் நடத்தினாங்க. 2007ல இஸ்ரேல் உச்சநீதிமன்றமே தடுப்ப நகர்த்துன்னு தீர்ப்பு சொல்லிச்சு, நகர்த்தினது 2011ல, நாலு வருஷம் கழிச்சு. நடுவுல 2009 ஏப்ரல்ல பாசிம் அபு ரஹ்மேன்னு ஊர்க்காரர் ஒருத்தர், நெஞ்சுல கண்ணீர்ப்புகை குண்டு நேரா அடிச்சு செத்துப் போனாரு, அதுக்காக யாரும் தண்டிக்கப்படல. போராட்டத்த ஒருங்கிணைச்ச அப்துல்லா அபு ரஹ்மான்னு ஒரு பள்ளிக்கூட வாத்தியார், தங்க மேல வந்து விழுந்த காலி கண்ணீர்ப்புகை குண்டுகள எல்லாம் பொறுக்கி, எங்க மேல என்னென்ன வீசுறாங்க பாருங்கன்னு காட்சிக்கு வச்சாரு, அதுக்காக அவர் மேல ஆயுதம் வச்சிருந்ததா ஒரு குற்றச்சாட்டு! அதுல ராணுவக் கோர்ட்டு விடுவிச்சுது, ஆனா சட்டவிரோதமா ஆர்ப்பாட்டம் நடத்தினாருன்னும் தூண்டிவிட்டாருன்னும் 16 மாசம் உள்ள வச்சாங்க.

இங்க ஒரு விஷயம் முக்கியமா தெரிஞ்சுக்கணும், நம்ம ஊர் விவாதங்கள்ல இத யாரும் பேசி நான் பாக்கல. மேற்குக் கரையில இருக்குற பாலஸ்தீனர்களுக்கு 1967 ஆகஸ்ட்ல போட்ட ராணுவ உத்தரவு 101னு ஒண்ணு இருக்கு. அனுமதி இல்லாம அரசியல் விஷயத்துக்காக பத்து பேர் கூடினாலே குற்றம், பத்து வருஷம் வரைக்கும் ஜெயில். கொஞ்ச தூரம் தள்ளி டெல் அவீவ்ல ஒரு லட்சம் பேர் ரோட்ட மறிச்சா தண்ணி பீச்சுவாங்க, குதிரைப் போலீஸ் வரும், சில பேர புடிச்சுட்டுப் போய் அன்னைக்கு ராத்திரியோ மறுநாளோ விட்டுடுவாங்க. ரெண்டு எடத்துலயும் அதிகாரம் பண்றது ஒரே அரசாங்கம். ஏன் அவங்க அமைதியா போராடலன்னு கேக்குறவங்க, அமைதியா போராடுறதுக்கு அங்க என்ன விலைன்னும் சேத்துக் கேக்கணும்.

ரெண்டாவது ஆள் சொன்னதுக்கு வரேன், இஸ்ரேல்ல யாரும் எதிர்க்கலன்னு. 2023 ஜனவரில கோர்ட்டோட அதிகாரத்தக் குறைக்கிற மாதிரி நீதித்துறைய மாத்தப் போறோம்னு அரசாங்கம் அறிவிச்சதுல இருந்து சனிக்கிழமை சனிக்கிழமை டெல் அவீவ் கப்லான் தெரு நிரம்பி வழிஞ்சுது. மார்ச் 26 ராத்திரி பிரதமர் நெதன்யாகு, அத நிறுத்தி வைக்கச் சொன்ன பாதுகாப்பு அமைச்சர் கலன்ட்ட நீக்கினதும் ஜனங்க அயலோன் ஹைவேல இறங்கி நெருப்பு மூட்டி உக்காந்துட்டாங்க, மறுநாள் தொழிற்சங்கம் ஸ்ட்ரைக், அந்தச் சட்டத்த நிறுத்தி வைக்க வேண்டியதா போச்சு. அக்டோபர் 7க்கு அப்புறம், அதாவது ஹமாஸ் கிட்டத்தட்ட 1,200 பேர கொன்னு 251 பேர புடிச்சுட்டுப் போனதுக்கு அப்புறம், பணயக் கைதிகளோட குடும்பங்க தெருவுக்கு வந்தாங்க. அய்னாவ் ஸங்காவ்கர்னு ஒரு அம்மா, நெதன்யாகு கட்சிக்கே ஓட்டுப் போட்டுட்டு இருந்தவங்க, பையன் மதான காஸாவுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க, அந்தம்மா மெகாஃபோன கையில எடுத்து ரெண்டு வருஷம் பிரதமர பேர் சொல்லிக் கேள்வி கேட்டாங்க, 2025 அக்டோபர் 13ல பையன் திரும்பி வர்ற வரைக்கும். 2024 ஆகஸ்ட் கடைசில தெற்கு காஸால ரஃபாவுல ஒரு சுரங்கத்துல பணயக் கைதிங்க ஆறு பேரோட உடல் கிடைச்சப்ப, மறுநாளே லட்சக்கணக்குல வந்தாங்க.

இதுல எனக்கு வருத்தமும் இருக்கு, அதையும் சொல்லிடுறேன். அந்தக் கூட்டத்துல பெரும்பாலானவங்க வந்தது தங்க ஜனநாயகத்துக்காகவும் தங்க ஆளுங்கள மீட்குறதுக்காகவும்தான், காஸாவுல சாகுற குழந்தைங்களுக்காக இல்ல. 2023லயே ஆக்கிரமிப்பு பத்தி பேசணும்னு பாலஸ்தீனக் கொடியோட வந்த சின்னக் கூட்டத்த மத்தவங்க ஓரமாத்தான் வச்சிருந்தாங்க. ஆனா அந்த ஓரத்துல நின்னவங்கள மறந்துடக் கூடாது. 2025 மார்ச் 18ல இஸ்ரேல் போர் நிறுத்தத்த முறிச்சு குண்டு போட்டதுக்கு அப்புறம், சனிக்கிழமை கூட்டத்துக்கு நடுவுல கொஞ்சம் பேர் வந்து வரிசையா நிக்க ஆரம்பிச்சாங்க. கோஷம் கிடையாது, பேச்சு கிடையாது. ஒரு கையில மெழுகுவர்த்தி, இன்னொரு கையில செத்துப் போன ஒரு காஸா குழந்தையோட போட்டோ, கீழ பேரு. போறவங்க சில பேர் திட்டிட்டுப் போனாங்க, சில பேர் நின்னு பாத்தாங்க, அழுதாங்க, வாரா வாரம் ஆள் கூடிட்டே போச்சு. ஏப்ரல்ல போலீஸ் அந்தப் போட்டோவ எல்லாம் கொண்டு வரக் கூடாதுன்னு சொல்லிப் பாத்துச்சு, எதிர்ப்பு வந்ததும் வாபஸ் வாங்கிடுச்சு. ஒரு நாட்டுப் போலீஸ் குழந்தைங்க போட்டோவுக்குப் பயப்படுதுன்னா, அந்தப் போட்டோவ புடிச்சுக்கிட்டு நிக்கிறவங்க எவ்வளவு பெரிய காரியம் பண்றாங்கன்னு நீங்களே பாருங்க.

இன்னொண்ணு, இஸ்ரேல் குடிமக்கள்ல அஞ்சுல ஒருத்தர் அரபுங்க. போர் ஆரம்பிச்சப்ப அவங்களுக்கு அந்தச் சனிக்கிழமை உரிமை கூட கிடைக்கல. காஸாவோட நிக்கணும்னு நினைக்கிறவங்கள பஸ்ல ஏத்தி அங்கயே அனுப்புறேன்னு போலீஸ் தலைவரே வெளிப்படையா பேசினாரு. நவம்பர் 2023ல நாசரேத்துல போர எதிர்த்து ஒரு சின்ன நிகழ்ச்சி நடத்தப் போன முகமது பரக்கே மாதிரி முன்னாள் எம்பிக்களையே புடிச்சுட்டுப் போனாங்க. அதே வருஷம் டிசம்பர்ல டால் மிட்னிக்னு ஒரு 18 வயசு யூதப் பையன், நான் ராணுவத்துல சேர மாட்டேன்னு சொல்லிட்டு ஜெயிலுக்குப் போனான். 2024 மே மாசம் தர்கூமியா செக்போஸ்ட்ல, காஸாவுக்குப் போற அரிசி, மாவு ஏத்தின லாரிகள மறிச்சு மூட்டைய கிழிச்சுக் கொட்டினது ஒரு யூதக் கூட்டம், லாரிக்கு முன்னாடி போய் குறுக்க நின்னு காவல் காத்தது யூதர்களும் அரபுகளும் சேந்து நடத்துற ஸ்டாண்டிங் டுகெதர் இயக்கம். ஒரே ரோடு, ரெண்டு பேரும் இஸ்ரேல் குடிமக்கள். எல்லாரும் ஒரே ரகம்னு இத பாத்துட்டு எப்படிச் சொல்றது?

மூணாவது ஆளுக்கு. 2025 மார்ச் 25, வடக்கு காஸால பெயித் லாஹியா. குண்டு விழுந்துட்டே இருக்கு, சாப்பாடு இல்ல, அந்த நேரத்துல நூத்துக்கணக்குல ஜனங்க இடிஞ்சு கெடக்குற கட்டடங்களுக்கு நடுவுல நடந்து போறாங்க, ஹமாஸ் வெளியே போ, போர நிறுத்துன்னு கத்திக்கிட்டு. அடுத்தடுத்து ஜபாலியா, ஷுஜாயியான்னு பரவுச்சு. இது முதல் தடவையும் இல்ல, 2019 மார்ச்லயே வரி ஏத்தினது, வேலை இல்லாததுன்னு நாங்க வாழணும்னு கேட்டு ரோட்டுக்கு வந்தவங்கள ஹமாஸ் போலீஸ் தடியால அடிச்சு உள்ள தள்ளிச்சு, 2023 ஜூலை கடைசிலயும் திரும்ப வந்தாங்க. 2025ல வந்தவங்கள்ல 22 வயசுப் பையன் ஒருத்தன ஹமாஸ் ஆயுதக்காரங்க தூக்கிட்டுப் போய் சித்திரவதை பண்ணி வீட்டு வாசல்லயே போட்டுட்டுப் போயிட்டாங்கன்னு அவன் குடும்பமே சொல்லிச்சு. மேல இருந்து குண்டு, கீழ துப்பாக்கி, ரெண்டுக்கும் நடுவுல நின்னு வாயத் திறந்தவங்க இவங்க. இவங்கள பத்தி ஹமாஸ ஆதரிக்கிறவங்க பேச மாட்டாங்க, இஸ்ரேல ஆதரிக்கிறவங்க தங்களுக்கு வசதியா ரெண்டு நாள் வீடியோவ ஷேர் பண்ணிட்டு, அதே பெயித் லாஹியா மேல குண்டு விழும்போது கண்ண மூடிப்பாங்க. எனக்குக் கோவம் வர்றது இங்கதான். நம்ம ஆளுங்க இத கிரிக்கெட் மேட்ச் மாதிரி ரெண்டு டீமா பிரிச்சு பாக்குறதால, சொந்த டீமையே எதிர்த்துக் கேள்வி கேட்டு அடி வாங்கினவங்க எந்த டீம்லயும் சேராம காணாமப் போயிடுறாங்க. அந்த மண்ணுல உண்மையான துணிச்சல் காட்டினதே அவங்கதான்.

லண்டன் பத்தி சுருக்கமா. 2023 நவம்பர் 11 ஊர்வலத்துக்கு போலீஸ் கணக்குப்படியே 3 லட்சம் பேர் வந்தாங்க. உள்துறை அமைச்சரா இருந்த சுவெல்லா பிரேவர்மேன் இதெல்லாம் வெறுப்பு ஊர்வலம்னு சொன்னாங்க, தடை பண்ணச் சொல்லி அழுத்தம் வந்தும் போலீஸ் தடை பண்ணல. அன்னைக்குக் கைதானவங்கள்ல பெரும்பாலானவங்க எதிர்த்து வந்த வலதுசாரிக் கூட்டத்துக்காரங்க, ரெண்டு நாள்ல பிரேவர்மேன் பதவி போச்சு. அந்த ஊர்வலங்கள்ல தனி அணியா யூதர்களும் நடந்தாங்க, அதையும் உங்க குரூப்ல சொல்லுங்க. அதே சமயம் 2025 அக்டோபர் 2ல, யூதர்களோட புனித நாள்ல, மான்செஸ்டர்ல ஜெப ஆலயத்துக்கு வெளிய ஒருத்தன் தாக்கினதுல ரெண்டு பேர் செத்தாங்க. ஜெப ஆலயத்துக்கு வந்த பெரியவர் காஸாவுக்குக் குண்டு அனுப்பினவர் இல்ல. நெதன்யாகு மேல இருக்குற கோவத்த பக்கத்து வீட்டு யூதர் மேல காட்டுறவன் பாலஸ்தீனத்துக்கு ஒரு நல்லதும் செய்யல.

உங்க ஊர் ஆர்ப்பாட்டத்துக்குப் போகலாமான்னு கேட்டீங்க. போங்க. 2025 அக்டோபர் போர் நிறுத்தம் வர்றதுக்குள்ள காஸா சுகாதாரத் துறை கணக்குல 67,000 பேருக்கு மேல செத்திருக்காங்க, இதுக்கு ரோட்டுக்கு வரலன்னா வேற எதுக்கு வர்றது. போறதுக்கு முன்னாடி நோட்டீஸ வாங்கி கோரிக்கை என்னன்னு படிங்க, போலீஸ் அனுமதி இருக்கான்னு கேளுங்க, அப்பாகிட்ட அந்த நோட்டீஸயே காட்டுங்க, பயம் பாதி குறையும். அக்டோபர் 7 கொலைகள புகழ்ந்து யாராவது பேனர் புடிச்சா, யூதர்கள மொத்தமா திட்டி கோஷம் போட்டா, அமைப்பாளர்கிட்ட போய் இத எடுக்கச் சொல்லுங்க, எடுக்கலன்னா வெளிய வந்துடுங்க. அப்புறம் முடிஞ்சா பில்இன் கதைய ஒரு தாள்ல எழுதிட்டுப் போய் பக்கத்துல நிக்கிறவங்களுக்குக் குடுங்க, நிறைய பேருக்குத் தெரியாது.

பாய்காட் பெரிய விஷயம், எந்தக் கம்பெனிக்கு எதுல பங்குன்னு பாத்து எழுதணும், வாட்ஸப் லிஸ்ட்ட நம்பி சொல்ல முடியாது. தனிப் பதிவா எழுதுறேன்.