இடவப்பாதியில் திறக்காத கத்தி

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

17 வருடமாக ஒரே மடக்குக்கத்தியைச் சட்டைப்பையில் வைத்திருப்பதாகப் போன மாதம் எழுதியிருந்தீர்கள். நான் இரண்டு வருடத்தில் மூன்று வாங்கிவிட்டேன். ஒன்று துருப்பிடித்தது. ஒன்று மூட்டு ஆடி, மடக்கும்போது விரலைக் கடித்தது. மூன்றாவது இப்போது மரச்சீனிக் (மரவள்ளி) கிழங்கின் தோலைக்கூடச் சீவாது. கடையில் எஃகின் கடினம் 58, 60, 62 என்று எண் போட்டு விற்கிறார்கள். எதை வாங்குவது? தினமும் எல்லை தாண்டி கேரளத்துப் பாறசாலைக்கு வேலைக்குப் போகிறேன். களியக்காவிளை செக்போஸ்டில் கத்தியைப் பார்த்தால் பிரச்சினை வருமா? ரப்பர் வெட்டுகிற அப்பா, "ஒரு பிச்சாத்திக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?" என்று சிரிக்கிறார்.

எஸ்., படந்தாலுமூடு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா சிரித்தது சரிதான். அந்த எண்ணை முதலில் விட்டுவிடுங்கள். எண் கூடினால் கூர் அதிக நாள் நிற்கும், உண்மை. ஆனால் மழுங்கியபின் வீட்டுக் கல்லில் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்துபோகும். அழுத்தித் திருகினால் விளிம்பு பொரிந்து உதிரவும் செய்யும். நமக்கு ஐந்து நிமிடத்தில் தீட்ட வருகிற எஃகு போதும்.

என்னுடையது ஒப்பினெல் எட்டாம் எண். கல்ஃபிலிருந்து வந்த நண்பன் கொடுத்தது. பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் என்பவர் 1890இல் செய்யத் தொடங்கிய கத்தி. இன்றும் அதே அமைப்புதான்: ஒரு மரப்பிடி, ஓர் அலகு, ஓர் ஆணி, ஒரு பூண். அலகு விரலில் மடங்காமல் பூட்டுகிற இரும்பு வளையம் மட்டும் 1955இல் சேர்ந்தது. உங்கள் இரண்டாவது கத்தியில் இல்லாமல் போனது அதுதான் என்று நினைக்கிறேன்.

பனி விழும் ஊரின் கத்திக்கு நம் ஊர் இடவப்பாதி மழை ஒத்துவருமா? வராது. முதல் வருடம் ஜூன் மாதம் பலாச்சக்கை வெட்ட எடுத்தால் அலகு வெளியே வரவே இல்லை. மரப்பிடி ஈரத்தில் ஊதி அலகைக் கவ்விக்கொண்டது. நகம் பிய்ந்ததுதான் மிச்சம். பிறகுதான் வழி தெரிந்தது. வளையத்தைத் திருப்பித் திறந்துவிட்டு, பிடியின் பின்புறத்தைத் திண்ணையின் விளிம்பில் ஒரு தட்டு. அலகு நெல்லளவு வெளியே எட்டிப் பார்க்கும். அதைப் பிடித்து இழுத்துவிடலாம். சவோய்க்காரர்களும் இப்படித் தட்டித்தான் திறப்பார்களாம். இப்போது மழைக்கால ராத்திரியில் இந்தச் சத்தம் கேட்டாலே வீட்டில், "பழம் வெட்டப் போகிறார்" என்கிறார்கள்.

இது துருப்பிடிக்கிற ரகம். மட்டிப்பழம், மாங்காய், சக்கை எல்லாம் பட்டுப்பட்டு அலகு இப்போது இடிமேகம் மாதிரி கறுத்திருக்கிறது. அந்தக் கறுப்பு இருக்கட்டும், அது செந்துருவைக் கொஞ்சம் தள்ளிவைக்கும். சட்டைப்பையில் வியர்வை பட்டுச் செம்புள்ளி விழுந்தால்தான் சாம்பல் போட்டுத் தேய்ப்பேன். சக்கைப் பிசினுக்குத் தண்ணீர் ஆகாது, தேங்காயெண்ணெய் தடவித் துடைக்க வேண்டும். ஆனால் அதே எண்ணெயை மூட்டில் விட்டுவிடாதீர்கள். நாளாக நாளாக அது பிசுபிசுத்து, பையில் இருக்கிற பஞ்சையும் மண்ணையும் சேர்த்துக்கொண்டு இறுகிவிடும். அங்கே தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. ஆடுகிற கத்தியில் ஆணித்தலையைச் சின்னச் சுத்தியலால் பையப்பையத் தட்டிப் பாருங்கள், அநேகமாக இறுகிவிடும்.

இத்தனை வருடத்தில் கத்திக்கு நடந்த பெரிய சேதம் இரண்டுக்கும் காரணம் நான்தான். ஒருமுறை பெயிண்ட் டப்பா மூடியை நெம்பினேன், முனை ஒடிந்தது. இன்னொருமுறை தெருவில் வந்த சாணைக்காரரிடம் நீட்டிவிட்டேன். உலர்ந்த சக்கரத்தில் பொறி பறந்தது, விளிம்பில் நீலம் ஓடியது. நீலம் தெரிந்தால் அந்த இடம் 300 டிகிரி வரை சூடாகியிருக்கிறது என்று அர்த்தம். அத்தனை சூட்டில் எஃகின் முறுக்கு போய்விடும். நீலம் பட்ட பாகம் கல்லில் தேய்ந்து தீர்கிறவரை ஒரு வருடம் கூரே நிற்கவில்லை.

செக்போஸ்ட் விஷயம். 2016ஆம் வருட ஆயுத விதிகள் 9 அங்குலத்துக்குமேல் நீளமோ 2 அங்குலத்துக்குமேல் அகலமோ உள்ள அலகைத்தான் ஆயுதக் கணக்கில் சேர்க்கின்றன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்யப்பட்டவை அதிலும் வராது. என் கத்தியின் அலகு 8.5 சென்டிமீட்டர். அதற்காகக் கோயில் திருவிழாக் கூட்டத்துக்கோ கோர்ட்டுக்கோ கொண்டுபோகாதீர்கள். விமானத்தில் கைப்பையில் வைக்கவே கூடாது. மறந்துபோய் வைத்து, பயணத்தையே விட்டுவிடலாமா என்று வரிசையில் நின்று யோசித்தவன் நான். கடைசியில் வழியனுப்ப வந்த மைத்துனரைத் திரும்ப வரச்சொல்லிக் கொடுத்தனுப்பினேன்.

சரி, உங்கள் மூன்றாவது கத்தியைத் தூரப்போடாதீர்கள், அப்பாவிடம் கொடுங்கள். ரப்பர் பட்டையை ஒரு வெட்டுக்கு 1.5 மில்லிமீட்டர் கனத்தில் சீவி எடுக்கிற கை அது. கொஞ்சம் ஆழம் போனாலும் மரம் புண்ணாகிவிடும். அந்தக் கூரைத் தினமும் தன் கையால் தீட்டிக்கொள்கிறவர் வீட்டிலேயே இருக்கும்போது என்னிடம் எதற்குக் கேட்கிறீர்கள்? அவர் கல்லில் விடுவது தண்ணீரா எண்ணெயா என்று மட்டும் கேட்டு எழுதுங்கள். நான் இதுவரை தண்ணீர்தான் விட்டுவருகிறேன்.