விற்பதைவிடக் கற்பியுங்கள்: லண்டனுக்குப் புதிதாக வந்திருக்கும் தங்கைக்கு

கொல்கத்தா லேக் மார்க்கெட்டில் வளர்ந்த தமிழ்ப் பெண் என்றும், அங்கே கற்ற, பழைய துணிகளை அடுக்கிக் கையால் தைக்கும் காந்தா என்ற வங்காளத் தையலைக் கிழக்கு லண்டன் வங்காளிகளிடையே பரப்ப விரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வீட்டு வாடகை பற்றியும் பிள்ளைகளின் பள்ளி பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அவற்றை உங்கள் பகுதி நகராட்சியில் விசாரித்தால் என்னைவிடத் தெளிவாகச் சொல்வார்கள். நானும் அதே தெருக்களிலிருந்து வந்தவள் என்பதால், காந்தாவைப் பற்றி மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

இங்குள்ள வங்காளிகள் அனைவரும் ஒரே கூட்டம் என்று எண்ணிவிடாதீர்கள். பிரிக் லேன், வைட்சாப்பல் பக்கம் வாழ்பவர்களில் பெரும்பாலோர் வங்கதேசத்தின் சில்ஹெட் பகுதியைச் சேர்ந்த முஸ்லிம் குடும்பத்தினர். 1952இல் டாக்காவில் மொழிக்காக உயிர்நீத்தவர்களை நினைத்து, பிப்ரவரி 21 அன்று அல்தாப் அலி பூங்காவில் மலர் வைப்பவர்களும், வங்காளப் புத்தாண்டு விழாவான வைசாகி மேளாவை நடத்துபவர்களும் அவர்களே. கொல்கத்தாக்காரர்களோ நகரெங்கும் சிதறி வாழ்ந்து, கேம்டன் போன்ற இடங்களில் துர்கா பூஜைக்குக் கூடுகிறார்கள். ஒரே மொழியைப் பேசிக்கொண்டு, ஒருவர் விழாவை மற்றவர் எட்டிப் பார்க்காமலே காலம் தள்ளுவது எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது. தமிழச்சியான நான் இரண்டுக்கும் போகிறேன். இரண்டு இடத்திலும் என்னைத் தங்கள் வீட்டுப் பெண்ணாகவே நடத்துகிறார்கள். வங்கதேசத்து ஜெஸ்ஸோரிலும் மேற்கு வங்கத்தில் சாந்திநிகேதனைச் சுற்றிய ஊர்களிலும் காந்தாவுக்கு ஒரே ரன்னிங் தையல்தான் என்பதால், உங்கள் ஊசிக்கும் அந்த எல்லை தேவையில்லை.

பூஜை மண்டபத்தில் கடை போடுவதற்கு மட்டும் அவசரப்படாதீர்கள். நான் வந்த புதிதில், ஒரு குழுவினர் முன்கூட்டியே வாடகை வாங்கிக்கொண்டு, கழிப்பறைக்குப் போகும் வழியில் எனக்கு மேசை போட்டார்கள். கூட்டமெல்லாம் எக் ரோலுக்கும் கொஷா மாங்ஷோ என்ற ஆட்டுக்கறி வறுவலுக்கும்தான் வரிசையில் நின்றது. பக்கத்துக் கடையில் இயந்திரத்தில் நெய்த சேலையை, வங்காளத்தின் பூவேலைக் கைத்தறியான ஜாம்தானி என்று கூசாமல் விற்றார்கள். கையால் நெய்த ஜாம்தானியில் ஒவ்வொரு பூவுக்கும் தனித்தனியாக நூல் செருகுவதால், பின்புறமும் ஏறக்குறைய முன்புறம் போலவே இருக்கும். போலியில் பூக்களுக்கிடையே ஓடிய நூலை வெட்டிவிடுவதால் பின்புறம் பிசிறு தட்டும். புரட்டிப் பார்க்கத் தெரியாதவர்களிடம், பல மாதங்கள் தைத்த காந்தாவுக்கு நீங்கள் சொல்லும் விலை அநியாயமாகத்தான் தோன்றும்.

ஆகவே விற்பதைவிடக் கற்பியுங்கள். பழைய சேலைகளை அடுக்கி, அவற்றின் கரையிலிருந்தே உருவிய நூலால் தைப்பது காந்தாவின் பழைய முறை. சில்ஹெட் மூதாட்டிகளின் அலமாரிகளில் அத்தகைய சேலைகள் நிறைய இருக்கின்றன. அவர்களில் பலர் ஒருகாலத்தில் வீட்டிலேயே உட்கார்ந்து தொழிற்சாலைகளுக்குக் கூலிக்குத் தைத்தவர்கள். அவர்களை மாணவிகளாக நினைக்காமல் அருகில் அமர்த்திக்கொண்டால், பேத்திகள் தாமாகவே வருவார்கள்.

2006இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் பெரிய முற்றத்தில், வங்கக் கலைஞர்கள் வைக்கோல் கட்டி மண் பூசித் துர்க்கையை உருவாக்கினார்கள். பின்னர் அந்தச் சிலையைத் தேம்ஸில் கரைத்தார்கள். சிலை முடிந்த பிறகு வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள்; மண் பிசையும்போது வந்தவர்களோ கேள்விமேல் கேள்வி கேட்டுக்கொண்டு நெடுநேரம் நின்றார்கள். இங்கே பிறந்து வளர்ந்த வங்காளிப் பிள்ளைகள் சிலர், அதுவரை கண்ணாடியிழைச் சிலையை மட்டுமே பார்த்திருந்ததால், உள்ளே வைக்கோல் இருக்கும் என்பதை நம்பவே மறுத்தார்கள். நீங்களும் விழாக்களில் முடித்த துணியைத் தொங்கவிடாமல், பாதி தைத்த துணியோடு உட்காருங்கள். ஆனால் குழுத் தலைவர்கள் மேடையில் உரையாற்றும் நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். அந்த ஒலிபெருக்கிக்கு முன்னால் எந்தக் கலையையும் விளக்க முடியாது.