பல்கலைக்கழகக் காணொளித் தளம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பல்கலைக்கழகங்கள் தம் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் வழங்கும் காணொளித் தளங்களைப் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். கல்தூரா, பனோப்டோ, எக்கோ 360, ஓப்பன்காஸ்ட் என்று தளத்தின் பெயர் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பொத்தான்கள் இருக்கும் இடமும் மாறும். ஆயினும் அவற்றின் வேலை ஏறத்தாழ ஒன்றே என்பதால், கீழே உள்ளவை எந்தத் தளத்துக்கும் பொருந்தும்.

கேள்வி: யூடியூபில் இலவசமாக ஏற்றி, இணைப்பை மாணவர்களுக்கு அனுப்பினால் போதாதா? பல்கலைக்கழகம் இதற்கென்று தனியாக ஒரு தளத்துக்குச் சந்தா செலுத்துவது ஏன்? (இயற்பியல் விரிவுரையாளர்)

பதில்: உலகில் எவர் பார்த்தாலும் சரி என்று நீங்கள் நினைக்கும் பாடத்துக்கு யூடியூப் போதும், நல்லதும்கூட. சிக்கல் எழுவது வகுப்பறைப் பதிவுகளில்தான். அவற்றில் மாணவர்களின் குரல் இருக்கும், சில வேளைகளில் முகமும் பெயரும் இருக்கும். தவறான விடை சொல்லித் தடுமாறிய ஒருவரின் அந்தத் தடுமாற்றமும் இருக்கும். யூடியூபில் பட்டியலிடாமல் வைத்த காணொளியை, இணைப்பு கையில் உள்ள எவரும் திறந்துவிடலாம். பல்கலைக்கழகத் தளமோ மூடுல், கேன்வாஸ் போன்ற கற்றல் மேலாண்மைத் தளத்துடன் பெரும்பாலும் எல்டிஐ என்னும் பொது இணைப்பு முறை வழியாகப் பிணைக்கப்பட்டிருப்பதால், பாடத்தில் பதிவு செய்துகொண்ட மாணவர் மட்டுமே காணொளியைப் பார்க்கும்படி அமைக்க முடியும். அவர் பாடத்திலிருந்து விலகினால் அந்த அனுமதியும் விலகிவிடும். காணொளிக்குள் வைத்த வினாக்களின் மதிப்பெண் நேரே மதிப்பெண் பட்டியலுக்குப் போவதும் இந்தப் பிணைப்பால்தான். விளம்பரம் குறுக்கிடாது என்பது கூடுதல் ஆறுதல்.

கேள்வி: ஒரு மணி நேர விரிவுரையை அப்படியே பதிவு செய்து ஏற்றுகிறேன். பெரும்பாலோர் பாதிகூடப் பார்ப்பதில்லை என்று தளத்தின் புள்ளிவிவரம் காட்டுகிறது. காணொளி 6 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்று துறைத் தலைவர் சொல்கிறார். ஒரு தேற்றத்தின் நிறுவலை 6 நிமிடத்தில் எப்படி முடிப்பது? (கணிதப் பேராசிரியர்)

பதில்: உங்கள் துறைத் தலைவர் சொல்லும் எண்ணுக்கு ஒரு மூலம் உண்டு. ஃபிலிப் குவோ, ஜுஹோ கிம், ராப் ரூபின் ஆகியோர் 2014ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், இணையவழிப் பாடங்களை வழங்கும் எட்எக்ஸ் தளத்தின் நான்கு பாடங்களில் பதிவான சுமார் 69 இலட்சம் பார்வை அமர்வுகளை அலசினார்கள். காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும், ஒருவர் அதைத் தொடர்ந்து பார்க்கும் நேரத்தின் இடைநிலை அளவு 6 நிமிடத்தைத் தாண்டவில்லை என்பது அவர்கள் கண்டது. இந்த முடிவை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அது யாரைப் பற்றியது என்று கேட்க வேண்டும். அதில் அளக்கப்பட்ட பார்வையாளர்கள் திறந்தநிலைப் பாடங்களில் தாமாகச் சேர்ந்தவர்கள், எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளக் கூடியவர்கள். உங்கள் மாணவருக்கோ பருவ முடிவில் தேர்வு இருக்கிறது. மேலும் அந்த ஆய்வு அளந்தது முதன்மையாகப் பார்த்த நேரத்தை. எவ்வளவு கற்றார்கள் என்பதை அன்று.

எனவே இருவகைக் காணொளிகளைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. வகுப்பு நடக்கும்போதே எடுக்கப்பட்ட பதிவு ஒரு வகை. வகுப்பில் இருந்த மாணவர் அதைத் தேடி வருவது, புரியாமல் போன ஓர் இடத்தை மறுபடி கேட்பதற்காகவே. அவர் 10 நிமிடம் மட்டும் பார்த்துவிட்டுப் போனால், அது அந்தப் பதிவு தன் வேலையைச் செய்ததற்கான அடையாளமாகவும் இருக்கலாம். இத்தகைய பதிவை வெட்டித் துண்டாக்குவதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். மாறாக, தளத்தில் உள்ள அத்தியாயக் குறிகளைப் பயன்படுத்தி, துணைத் தேற்றம் தொடங்கும் இடம், நிறுவல் தொடங்கும் இடம், எடுத்துக்காட்டு வரும் இடம் ஆகியவற்றுக்குப் பெயரிட்டு வையுங்கள். ஐந்து நிமிட வேலை. மாணவர்களுக்கு அதனால் மிச்சமாகும் நேரம் மிக அதிகம்.

வகுப்புக்கு வருமுன் பார்த்துவிட்டு வரும்படி தனியாகத் தயாரிக்கும் பாடம் மற்றொரு வகை. சுருக்கம் தேவைப்படுவது இதற்குத்தான். ஆனால் அதை அளக்க வேண்டியது கடிகாரத்தால் அன்று, கருத்தால். ஒரு கருத்து முடியும் இடத்தில் காணொளியும் முடியட்டும். அது 4 நிமிடமானாலும் சரி, 14 நிமிடமானாலும் சரி. நிறுவலின் நடுவே அறுத்து, ‘மீதியை அடுத்த காணொளியில் காண்க’ என்று எழுதுவதைவிட 14 நிமிடக் காணொளியே மேல். இடையில் மாணவரை ஓய விடாமல் இருக்க வேறு வழி உண்டு. கார்ல் ஷ்புனார், நோவால் கான், டேனியல் ஷாக்டர் ஆகியோர் 2013இல் வெளியிட்ட சோதனையில், ஒரு புள்ளியியல் விரிவுரைக் காணொளியை நான்கு பகுதிகளாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் ஒவ்வொரு பகுதிக்குப் பின்னும் சிறு தேர்வு வைத்தார்கள். அந்தக் குழுவினரின் மனம் அலைவது குறைந்தது, குறிப்பெடுப்பது கூடியது, இறுதித் தேர்விலும் அவர்களே முந்தினார்கள். தேர்வுக்குப் பதிலாக அதே வினாக்களை விடைகளோடு படிக்கக் கொடுக்கப்பட்ட குழுவுக்கு இந்தப் பயன் கிட்டவில்லை.

கேள்வி: காணொளிக்குள் வினாக்கள் வைத்தேன், மாணவர்கள் எரிச்சல்படுகிறார்கள். தவிர, மதிப்பெண்களும் பட்டியலில் ஏறவில்லை. (வணிகவியல் உதவிப் பேராசிரியர்)

பதில்: இரண்டாவது சிக்கல் எளிது. வினாக்கள் கொண்ட காணொளியின் இணைப்பை நகலெடுத்துப் பாடப் பக்கத்தில் ஒட்டினால் மதிப்பெண் எங்கும் போகாது. அதை ஒரு மதிப்பீட்டுப் பணியாகப் பாடத்துக்குள் உருவாக்க வேண்டும். அப்போதுதான் இரு தளங்களும் ஒன்றோடொன்று பேசும்.

எரிச்சலுக்குப் பெரும்பாலும் காரணம் வினாவின் தன்மைதான். சற்றுமுன் திரையில் தோன்றிய எண்ணைத் திருப்பிக் கேட்பது, மாணவர் விழித்திருக்கிறாரா என்று சோதிப்பதைப் போன்றது. அதற்குப் பதிலாக, அடுத்து வரப்போவதை ஊகிக்கச் சொல்லுங்கள்: இந்தப் பதிவை எந்தக் கணக்கில் வரவு வைக்க வேண்டும் என்று கேட்டு நிறுத்திவிட்டு, விடையை அடுத்த நிமிடத்தில் நீங்களே விளக்குங்கள். பேச்சின் நடுவில் அன்றி, கருத்து முடியும் இடத்தில் வினா வரட்டும். மறுமுயற்சிக்கு அனுமதி கொடுங்கள். மதிப்பெண் மிகச் சிறியதாக இருக்கட்டும். பின்னோக்கிச் சென்று பார்ப்பதைத் தடுக்கும் அமைப்பு ஏதேனும் இயக்கத்தில் இருந்தால், தயவுசெய்து அதை நீக்கிவிடுங்கள். மறுபடி பார்க்க முடிவதுதானே காணொளியின் முதன்மையான பயன்?

கேள்வி: நான் எல்லா விரிவுரைகளையும் இருமடங்கு வேகத்தில்தான் பார்க்கிறேன். இது தவறா? (முதுகலை மாணவி)

பதில்: தவறில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றரை மடங்கு, இருமடங்கு வேகங்களில் பார்த்தவர்கள் இயல்பான வேகத்தில் பார்த்தவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் பின்தங்கவில்லை. இரண்டரை மடங்கில்தான் புரிதல் சரிந்தது. ஆயினும் சமன்பாட்டை வருவிக்கும் இடத்திலும் இருமடங்கு வேகத்தை வைத்திருப்பது உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்வதாகும்.

கேள்வி: தளம் தானாக எழுதித் தரும் வசனவரிகளில் பிழைகள் மலிந்திருக்கின்றன. திருத்துவதற்கு நேரமில்லை. அவற்றை அப்படியே விடலாமா, அல்லது நீக்கிவிடலாமா? (வேதியியல் ஆசிரியர்)

பதில்: இரண்டும் வேண்டாம். இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டி நெறிகள், 2008இல் வெளியான 2.0 பதிப்பிலேயே, ஒலியுடன் முன்பதிவு செய்யப்பட்ட காணொளிகளுக்கு வசனவரி இருப்பதை ‘ஏ’ எனப்படும் அடிப்படை நிலையிலேயே வைத்துவிட்டன. கேட்கும் திறனற்ற மாணவருக்கு வசனவரிதான் விரிவுரை. பயிற்றுமொழியில் இன்னும் பழகிவருபவரும், சத்தமில்லாத இடத்தில் காதணி ஒலிப்பானின்றிப் பார்ப்பவரும் அதையே நம்புகிறார்கள்.

இயந்திரம் செய்யும் பிழைகள் உரை முழுவதும் சமமாகப் பரவியிருப்பதில்லை என்பதுதான் உங்களுக்குக் கைகொடுக்கும் செய்தி. அன்றாடச் சொற்களை அது பெரும்பாலும் சரியாகவே எழுதிவிடும். கலைச்சொற்கள், சேர்மங்களின் பெயர்கள், எண்கள், அலகுகள், எதிர்மறை வினைகள் ஆகிய இடங்களில்தான் தடுமாறும். கெடுவாய்ப்பாகப் பாடத்தின் உயிர் இருப்பதும் அங்கேயே. ‘கரையாது’ என்பது ‘கரையும்’ என்று பதிவானால், இலக்கணப் பிழை ஏதுமின்றி ஒரு பொய் திரையில் நிற்கும். ஆகவே முழுவதையும் வரிவரியாகப் படிக்க நேரமில்லை என்றால், வசனவரித் திருத்தியில் தேடல் வசதியைத் திறந்து, அந்தப் பாடத்தின் இருபது முப்பது கலைச்சொற்களையும் எண்கள் வரும் இடங்களையும் மட்டுமேனும் சரிபாருங்கள். ஒரே பிழை திரும்பத் திரும்ப வந்தால், வசனவரிக் கோப்பைப் பதிவிறக்கி, சாதாரண உரைத் திருத்தியில் ஒட்டுமொத்தமாக மாற்றி, மீண்டும் ஏற்றிவிடலாம். வசனவரிகளுக்கு வழக்கமான எஸ்ஆர்டி, வெப்விடிடி ஆகிய இரு கோப்பு வடிவங்களும் வெறும் எழுத்துக் கோப்புகளே.

பேசும் மொழி எது என்பதைத் தளத்தில் சரியாகக் குறித்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். ஆங்கிலம் என்று குறித்துவிட்டுப் பாதி தமிழில் பேசினால், இயந்திரம் தமிழையும் ஆங்கிலமாகவே கேட்டு எழுதும்; அந்த வரிகளைத் திருத்துவதைவிடப் புதிதாக எழுதுவது விரைவில் முடியும்.

இத்துடன் தொடர்புடைய இன்னொரு பழக்கமும் உண்டு. திரையைச் சுட்டிக்காட்டி ‘இதை இங்கே போட்டால் அது இப்படி மாறும்’ என்று சொன்னால், பார்வையற்ற மாணவருக்கு அந்த வாக்கியத்தில் ஒன்றுமே இல்லை. சோடியத்தை நீரில் போட்டால் ஹைட்ரஜன் வெளியேறும் என்று பெயரிட்டுச் சொல்லுங்கள். காணொளிக்குள் தேடும் வசதி பெரிதும் வசனவரிகளைச் சார்ந்தே இயங்குவதால், பெயரிட்டுச் சொன்னதை எல்லா மாணவர்களும் பின்னர் தேடியும் கண்டுபிடிக்கலாம்.

கேள்வி: எனக்குத் திறக்கும் காணொளி, மாணவர்களுக்கு ‘அனுமதி இல்லை’ என்று காட்டுகிறதே? (பகுதிநேர விரிவுரையாளர்)

பதில்: பல தளங்களில் ஏற்றிய காணொளி முதலில் உங்களுக்கு மட்டும் உரியதாகவே இருக்கும். பாடத்தின் காணொளிப் பகுதியில் அதை வெளியிட்டாக வேண்டும். உலாவியின் முகவரிப் பட்டையில் உள்ளதை நகலெடுத்து அனுப்புவது உதவாது.

கேள்வி: என் இணையத் தரவு வரம்புக்கு உட்பட்டது. ஒரு மணி நேரக் காணொளிக்கு எவ்வளவு செலவாகும்? (இளங்கலை மாணவர்)

பதில்: கணக்கு எளிது. நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஓடும் காணொளி ஒரு மணி நேரத்தில் சுமார் 450 மெகாபைட்டை உண்ணும். தளம் உங்கள் இணைப்பின் வேகத்துக்கு ஏற்பத் தரத்தைத் தானாகவே ஏற்றி இறக்கும் என்பதால், வேகமான இணைப்பு கிடைத்தால் இன்னும் கூடுதலாகவே உண்ணும். இயக்கிப் பலகத்தில் 360பி என்னும் குறைந்த படத் தரத்தை நீங்களே தேர்ந்து நிறுத்திவிடுங்கள். நொடிக்கு 64 கிலோபிட் அளவில் ஒலி மட்டும் கிடைத்தால் அதே ஒரு மணி நேரம் 29 மெகாபைட்டுக்குள் அடங்கும். பதிவிறக்கத்தையும் ஒலிக்கோப்பையும் அனுமதிக்கும்படி ஆசிரியரிடம் கேட்பதில் தயக்கம் வேண்டாம். ஆசிரியர்களுக்கு ஒரு சொல்: 360பி தரத்தில் ஸ்லைடின் சிற்றெழுத்து எதுவும் தெரியாது. எழுத்தைப் பெரிதாக்குங்கள்.

கேள்வி: நான் காணொளியை முழுமையாகப் பார்த்தேனா என்பது ஆசிரியருக்குத் தெரியுமா? பார்த்த அளவுக்கு மதிப்பெண் தரப்போவதாகச் சொல்கிறார். (பெயர் வேண்டாம்)

பதில்: உள்நுழைந்து பார்த்திருந்தால், எந்த நாளில், எந்தப் பகுதி வரை ஓடியது என்பதை ஆசிரியர் பெரும்பாலும் காண முடியும். ஆனால் ஓடியது என்பது வேறு, பார்த்தது என்பது வேறு. மற்றொரு சாளரத்தில் காணொளியை ஓடவிட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பவருக்கு முழு மதிப்பெண்ணும், பதிவிறக்கி இருமுறை ஊன்றிப் பார்த்தவருக்குச் சுழியும் கிடைக்கும் முறையை நேர்மையானது என்று சொல்ல முடியாது. வகுப்பில் பலரும் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறார்கள் என்று வரைபடம் காட்டினால், அந்த இடத்தில் விளக்கம் போதவில்லை என்று ஆசிரியர் அறிந்துகொள்ளலாம். புள்ளிவிவரத்துக்கு அதுவே தக்க பயன்.

கேள்வி: அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறேன். என் காணொளிகள் என்ன ஆகும்? (மூத்த பேராசிரியர்)

பதில்: காணொளியின் உரிமை வழக்கமாக ஏற்றியவரின் கணக்கோடு கட்டப்பட்டிருக்கும்; கணக்கு மூடப்பட்டபின் அவற்றை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பதை நிறுவனத்தின் விதி முடிவு செய்யும். அந்த விதியை இப்போதே கேட்டு அறியுங்கள். பாடத்தைத் தொடரப்போகும் ஆசிரியரை ஒவ்வொரு காணொளிக்கும் இணைத் திருத்துநராகச் சேருங்கள், அல்லது உரிமையாளர் பெயரையே மாற்றிக் கொடுங்கள். மாணவர்களின் முகமோ குரலோ உள்ள பழைய வகுப்புப் பதிவுகளை ஒப்படைக்கும் முன் நீக்கிவிடுவது முறை. உங்களுக்கென்று வேண்டியவற்றை வசனவரிக் கோப்புகளோடு சேர்த்துப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளலாம், அந்தப் பாடங்களின் பதிப்புரிமை உங்களுடையதா பல்கலைக்கழகத்தினுடையதா என்பதைப் பணி ஒப்பந்தத்தில் பார்த்த பிறகு.