சரிவுக் காணியும் கனத்த கோப்பும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் 40 பேர்ச் சரிவுக் காணியில் வீடு ஒன்றுக்குக் கணினியில் மாதிரி செய்கிறோம். அளவையாளர் ட்ரோனால் எடுத்த கோப்பில் பத்து இலட்சத்துக்கும் மேல் நில உயரப் புள்ளிகள். ஸ்கெச்அப் மென்பொருள் உறைந்துபோகிறது, ரெவிற் மென்பொருளில் கோடுகள் நடுங்குகின்றன. பத்துக்கு ஒரு புள்ளி என்று குறைத்துவிடலாமா?
– படவரைஞர், உவர்மலை

பதில்: வேண்டாம். அப்படிக் குறைத்தால் வெறும் மண்ணில் தேவைக்கு மேல் புள்ளி மிஞ்சும். மண்தாங்கு சுவரின் விளிம்பும் கானின் அடியும் மழுங்கிப்போகும். சரிவுக் காணியில் அத்திவாரச் செலவைக் கூட்டுவதும் குறைப்பதும் அந்த இடங்கள்தாம்.

முதலில் நடுக்கத்தைத் தீருங்கள். அதற்கும் புள்ளிகளின் தொகைக்கும் தொடர்பில்லை. இலங்கையின் எஸ்.எல்.டி. 99 ஆள்கூற்று முறையில் திருகோணமலை நகரம் கிழக்கு 5,51,000, வடக்கு 6,74,000 மீற்றர் அளவில் விழுகிறது. அதை அப்படியே இறக்கினால், காணி மென்பொருளின் தொடக்கப் புள்ளியிலிருந்து 800 கி.மீ.க்கு அப்பால் போய் உட்காரும். ரெவிற் தாங்குவது அந்தப் புள்ளியைச் சுற்றிச் சுமார் 16 கி.மீ. ஆரத்தைத்தான். ஆகவே எல்லாப் புள்ளிகளிலும் ஒரே முழு எண்களைக் கழியுங்கள். கழித்த எண்களைப் படத்தின் மூலையில் எழுதி வையுங்கள். உயரத்தில் கைவைக்க வேண்டாம். பழைய நிலப்படம் 2,00,000 தொடக்கம் கொண்ட கண்டவளை என்ற பழைய ஆள்கூற்று முறையில் இருந்தால், அளவையாளரிடமே மாற்றி வாங்குங்கள்.

அடுத்தது மரம், செடி, கூரை ஆகியவற்றை நீக்குவது. கிளவுட்கொம்பெயர் இலவச மென்பொருள். அதிலுள்ள துணிப்போர்வை வடிகட்டி, முகில் போன்ற புள்ளிக் கூட்டத்தைத் தலைகீழாக்கி மேலே துணி விரிப்பதுபோல் கணக்கிட்டுத் தரையைப் பிரிக்கும். செங்குத்துச் சரிவுக்கான தெரிவை எடுத்து, துணியின் கண்ணை, அதாவது இழைகளுக்கு இடையிலான தூரத்தை, 0.5 மீற்றரில் தொடங்குங்கள். கண் மிகச் சிறிதானால் பற்றையெல்லாம் தரையாகிவிடும். பெரிதானால் பாறை முகடுகளை மரமென்று எண்ணி வெட்டிவிடும்; உவர்மலையில் இதைத்தான் கூடக் கவனிக்க வேண்டும். அடர்ந்த வேம்பின் கீழ் ட்ரோன் படத்துக்குத் தரையே தெரியாது. மென்பொருள் புள்ளிகளை முக்கோணங்களாக இணைத்தே பரப்பை உண்டாக்குகிறது; அங்கே விழும் ஓட்டையை ஒரு பெரிய முக்கோணத்தால் மூடி மறைக்கும். நம்பாதீர்கள், அந்த இடத்தில் தரையில் நிறுத்தி அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியால் சில புள்ளிகள் எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

இனித்தான் குறைப்பு. 40 பேர்ச் என்பது ஏறத்தாழ 1,012 சதுர மீற்றர். 0.5 மீற்றருக்கு ஒரு புள்ளி வைத்தால் சுமார் 4,000 புள்ளி, 8,000 முக்கோணம். சாதாரண மடிகணினியே தாங்கும். வீடு நிற்கும் இடத்துக்கும் வாகனப் பாதைக்கும் அதே 0.5. மற்ற முற்றத்துக்கு 1 மீற்றர். பக்கத்துக் காணிகள் பின்னணிக்குத்தானே, 3 மீற்றர் போதும்.

சுவரின் மேல்விளிம்பு, அடி, வீதியோரம், கானின் இரு உதடுகள், கானடி ஆகியவற்றை மூலக் கோப்பைப் பார்த்துக் கையாலேயே பிரேக்லைனாக, அதாவது முக்கோணங்கள் குறுக்கே தாண்டாத முறிவுக் கோடாக, வரையுங்கள். சோம்பலில் பலர் விட்டுவிடும் வேலை இது. நிமிர்ந்த சுவருக்கு மேலும் கீழும் ஒரே இடத்தில் இரு உயரங்களை முக்கோண வலை ஏற்காது. அடிக்கோட்டை 50 மில்லிமீற்றர் வெளியே தள்ளிவிடுங்கள்.

கடைசியில், குறைத்த பரப்பை மூலப் புள்ளிகளோடு ஒப்பிடுங்கள். வீட்டு இடத்தில் வித்தியாசம் 5 சென்றிமீற்றரைத் தாண்டினால் அங்கே புள்ளி கூட்டுங்கள். மூலக் கோப்பில் எதையும் அழிக்க வேண்டாம்.

கேள்வி: 0.5 மீற்றர் சமவுயரக்கோடுகளை எளிமையாக்கினேன். ஒன்றையொன்று வெட்டுகின்றன. மேட்டின் உச்சியும் மேசைபோல் தட்டையாகிவிட்டது.
– கட்டடக்கலை மாணவி, உப்புவெளி

பதில்: எளிமையாக்கும் கட்டளை ஒவ்வொரு கோட்டையும் தனித்தனியே பார்க்கிறது, பக்கத்துக் கோடு எங்கே என்று அதற்குத் தெரியாது. கிடையாக இரண்டு மீற்றருக்கு ஒரு மீற்றர் ஏறும் சரிவில் 0.5 மீற்றர் கோடுகள் தரைப்படத்தில் 1 மீற்றர் தள்ளி நிற்கும். எளிமையாக்கும்போது கோடு விலகக்கூடிய வரம்பை அதில் கால்பங்கு, அதாவது 0.25 மீற்றருக்குள் வையுங்கள். வரம்பைத் தீர்மானிப்பது காணியின் மிகச் செங்குத்தான இடம். சராசரிச் சரிவு அல்ல. இதைவிட நல்ல வழி, பரப்பை முதலில் குறைத்து அதிலிருந்து கோடுகளைப் புதிதாகப் பிறப்பிப்பது. அவை வெட்டிக்கொள்ளாது.

தட்டையான உச்சிக்குக் காரணம், முக்கோணத்தின் மூன்று முனையும் ஒரே சமவுயரக்கோட்டில் விழுவது. முகட்டிலும் பள்ளத்தின் ஓட்டத்திலும் சில தனி உயரப் புள்ளிகளைச் சேர்த்தால் சரியாகும். ஓட்டோகேட்டில் ‘ஃபிளாட்டன்’ கட்டளையைத் தொட்டிருந்தால் கோடுகளின் உயரம் முழுக்கச் சுழியமாகியிருக்கும். அதையும் ஒருமுறை பாருங்கள்.

கேள்வி: நிலாவெளியில் தட்டைக் காணி. 1 மீற்றர் இடைவெளியில் கேட்டால் ஒரேயொரு கோடு வருகிறது. 0.1 மீற்றரில் கேட்கலாமா?
– காணி உரிமையாளர், நிலாவெளி

பதில்: ட்ரோன் தரவிலிருந்து கேட்காதீர்கள். அதன் உயரப் பிழையே பல சென்றிமீற்றர் இருக்கக்கூடும். கோடுகள் கோழி கிளறிய மண்போல வரும். லெவல் கருவியால் 5 மீற்றர் சதுரத்துக்கு ஒரு புள்ளி எடுங்கள். கூடவே வீதியின் நடு உயரம், கானடி, அந்தக் கான் போய்ச் சேரும் இடத்தின் உயரம் ஆகிய மூன்றும் கட்டாயம். வடகீழ்ப் பருவ மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதை அவைதாம் சொல்லும்.

கேள்வி: 1:200 அளவில் அட்டை மாதிரி செய்ய என்ன இடைவெளி?
– மாணவர், திருகோணமலை

பதில்: அட்டையின் தடிப்பை 200ஆல் பெருக்குங்கள். 2 மில்லிமீற்றர் அட்டைக்கு 0.4 மீற்றர், 5 மில்லிமீற்றர் ஃபோம் போர்டுக்கு 1 மீற்றர். 0.5 மீற்றர் கோடுகளை 2 மில்லிமீற்றர் அட்டையில் வெட்டினால் மேடு ஐந்திலொரு பங்கு தாழ்ந்துவிடும். லேசரில் வெட்டுவதானால் 0.1 மீற்றர் வரை எளிமையாக்கலாம். அட்டையில் அது அரை மில்லிமீற்றர்தான், கண்ணுக்குத் தெரியாது. முனைகள் கூடினால் லேசர் தயங்கித் தயங்கி ஓரத்தைக் கருக்கும். ஒவ்வொரு தட்டிலும் அடுத்த தட்டின் கோட்டையும் அதன் எண்ணையும் மெல்லக் கீறிவிடுங்கள்; ஒட்டுவதற்கு 10 மில்லிமீற்றர் உள்ளே செல்ல விடுங்கள்.